இக்கட செம்பு உந்தி

என் மிஷின் இன்னும் அந்த அலுவலகத்துப் பச்சை அலமாரியில்தான் இருக்கிறது. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போகலாம் என்கிறார்கள். காகிதத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, நாலைந்து வரிதான். அதில் ஒரு வரி பொய். அதனால் போடவில்லை, போடப் போவதும் இல்லை. ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்காத ஆள் இல்லை. தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது, ஆகவே எழுதிவிடுகிறேன்.

மிஷின் என்று நான் சொல்வது மெட்டல் டிடெக்டரை. நீளக் கம்பி, நுனியில் ஒரு தட்டையான வட்டம், கைப்பிடியில் சின்னத் திரை, காதில் ஹெட்போன். தரையை ஒட்டி இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே நடந்தால், கீழே உலோகம் இருக்கும் இடத்தில் சத்தம் போடும். இரும்புக்கு ஒரு சத்தம், செம்புக்கு ஒன்று, தங்கத்துக்கு ஒன்று. ஆன்லைனில் வாங்கினேன். வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தவர்கள் எதற்கு என்று கேட்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினால்தான் ஊரே கேட்கிறது.

செகந்திராபாத் பக்கம் பாலாநகரில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் யூனிட்டில், காயில், அதாவது கம்பிச்சுருள், சுற்றும் பிரிவில் எனக்கு வேலை. வாரம் முழுக்கக் கம்பியைச் சுற்றுகிறேன், ஞாயிற்றுக்கிழமை அதே மாதிரி ஒரு சுருளை மண்மேல் வீசுகிறேன். மற்றவர்கள் சினிமாவுக்குப் போகட்டும், பிரியாணிக்கு வரிசையில் நிற்கட்டும். இதுவரை எனக்குக் கிடைத்தவை லாடம், குடைக்கம்பி, சோடா மூடிகள், குட்கா பாக்கெட்டின் ஜிகினாத் தாள், பழைய அலுமினியக் காசு, ஒரு பூட்டு, அந்தப் பூட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சாவி. எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. புதையலுக்கு இங்கே தெலுங்கில் குப்த நிதி என்று பெயர். என் கணவர் அந்த டப்பாவுக்குக் குப்பை நிதி என்று பெயர் வைத்திருக்கிறார். வைத்துக்கொள்ளட்டும். மண்ணுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்து, அது என்னவென்று தெரியாமல் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடிக்கும். அதற்காகத்தான் போகிறேன்.

குப்த நிதிப் பைத்தியம் பிடித்தவர்கள் வேறு. எவனோ ஒரு போலிச் சாமி கை காட்டினான் என்று கோயில் கர்ப்பகிரகத்தைத் தோண்டுவார்கள், நந்தியின் வயிற்றை உடைத்துப் பார்ப்பார்கள். அந்தச் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் பற்றிக்கொண்டு வரும். கோட்டை, சமாதி, கோயில், பழைய மேடு எதன் பக்கமும் நான் போனதில்லை. நிலத்துக்காரரைக் கேட்காமல் கால் வைத்ததில்லை. தோண்டிய குழியை மூடாமல் திரும்பியதில்லை. இதெல்லாம் சொன்னால் யார் நம்புகிறார்கள்? மிஷின் கையில் இருந்தால் திருடி, அவ்வளவுதான்.

என் பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் வேலை செய்கிறாள். பட்டான்செரு தாண்டி ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்தவள். காலையில் ஷேர் ஆட்டோவில் நசுங்கி, பிறகு பஸ் பிடித்து வருவாள். கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. ஒருநாள் அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது, அதில் ஒரு மஞ்சள் கொம்புதான் கட்டியிருந்தது. தெலுங்குக்காரர்கள் தாலியில் புஸ்தெலு என்று இரண்டு தங்க வட்டுகள் இருக்கும். ஒன்றைப் பெண் வீட்டார் போடுவார்கள், மற்றதை மாப்பிள்ளை வீட்டார் போடுவார்கள். வட்டு இல்லாமல் போனால் மஞ்சள் கொம்பைக் கட்டிக்கொள்வது வழக்கம்.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். லீவு நாளில் கொத்தமல்லிப் பாத்தியில் களை எடுத்துக் கூடையைத் தூக்கியபோது கயிறு அறுந்திருக்கிறது, இவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கழுத்து வெறுமையாக இருந்தது. தேடித் தேடிப் பார்த்தும் இல்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பிறந்த வீட்டில் கஷ்டம், இவள் கழற்றிக் கொடுத்துவிட்டு நாடகம் ஆடுகிறாள் என்று புகுந்த வீட்டில் பேச்சு எழுந்திருக்கிறது. மாமனார் நேராகவே கேட்டுவிட்டாராம். புருஷன் வாயே திறக்கவில்லையாம்.

"அக்கா, உங்க மிஷின் அதைக் கண்டுபிடிக்குமா?" என்றாள். பேச்செல்லாம் தெலுங்கில்தான். தேவைப்பட்ட இடம் தவிர நான் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

"மண்ணுல இருந்தா கண்டுபிடிக்கும். உங்க மாமனார் விடுவாரா, அதைக் கேளு."

அவர் வரச் சொல்லிவிட்டார். பொய் வெளிப்படட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் போன அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பட்டேல் வீட்டு விருந்தாளி மாதிரிதான் நடத்தினார். பட்டேல் என்பது அங்கே நிலத்துக்காரர்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல், நானும் அவரை அப்படியே கூப்பிட்டேன். டீ வந்தது. வெயில் ஏறும் முன் ஆரம்பிக்கலாம் என்று பாத்தி பாத்தியாக வீசத் தொடங்கினேன். மருமகள் என் பின்னாலேயே வந்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் மூச்சை இழுப்பது ஹெட்போனையும் தாண்டி எனக்குக் கேட்டது. ஆணி வந்தது, உர மூட்டைக் கம்பி வந்தது, செருப்பின் பக்கிள் வந்தது. எனக்கே அவளைத் திரும்பிப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

பழைய போர்வெல் பக்கம் வந்தபோது மிஷின் கத்தியது. ஆழத்தில், அகலமான சத்தம். திரையில் வந்த எண் செம்பைக் காட்டியது. தேடுவது தங்கத்தை, அதுவும் சின்ன வட்டு, இது அது இல்லை. என்ன, என்ன என்று பட்டேல் ஓடி வந்தார்.

இங்கேதான் எங்கள் குடும்பத்துத் தெலுங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். செகந்திராபாத்தில் நாங்கள் நாலாவது தலைமுறை. வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குப் பின்னால் வந்த தமிழர்கள். வீட்டில் தமிழ், கடையில் உருது, தெருவில் தெலுங்கு. தெரியாத தெலுங்குச் சொல் குறுக்கே வந்தால் தமிழ்ச் சொல்லையே எடுத்து அதன் வாலில், இருக்கிறது என்றால் ஓர் 'உந்தி', இல்லை என்றால் ஒரு 'லேது' ஒட்டிவிடுவோம். பெரும்பாலும் பலித்துவிடும், நீளு நீர்தான், பாலு பால்தான். வேலை செய்யும் இடத்தில் நாங்கள் எல்லோரும் காப்பர் என்றே சொல்வோம். கிராமத்துப் பெரியவர், மரியாதையாகத் தெலுங்கிலேயே சொல்வோமே என்று நினைத்தேன்.

"இக்கட செம்பு உந்தி, பட்டேல். பெத்த செம்பு. சால லோத்துல உந்தி," என்றேன். இங்கே செம்பு இருக்கிறது, பெரிசு, ரொம்ப ஆழத்தில் என்று அர்த்தம். அதோடு விட்டேனா? இது நமக்கு வேண்டாம், விடுங்கள் என்றும் சேர்த்தேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. சுற்றும் முற்றும் பார்த்தார். "போதும் மேடம், வெயில் ஏறிடுச்சு. நீங்க கிளம்புங்க," என்றார். இன்னும் வரப்பு ஓரத்தில் ஒரு பாத்தி பாக்கி இருக்கிறது என்றேன். "இன்னொரு நாள் பார்க்கலாம். இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க." கை நிறையச் சுரைக்காயைக் கொடுத்து என்னை ஆட்டோ ஏற்றிவிடுவதில் அப்படி ஓர் அவசரம். மருமகள் ஒன்றும் புரியாமல் வரப்பில் நின்றாள். வழி முழுக்க எனக்கு எரிச்சல். கூப்பிட்டு வந்து பாதியில் துரத்துவது என்ன பழக்கம்?

அடுத்த நாள் அவள் வேலைக்கு வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. பிறகு போன் வந்தது, ஒரே அழுகை. மாமனார் ஜேசிபி வரவழைத்து, பழைய போர்வெல் பக்கம் வீட்டையே இறக்கிவிடலாம் போல ஒரு பள்ளம் தோண்டியிருக்கிறார். தோண்டும்போது வரப்பில் நின்ற ஒரு பழைய நடுகல்லை வண்டி இடித்து, கல் இரண்டாக உடைந்துவிட்டது. எவனோ போனில் படம் எடுத்து அனுப்ப, தொல்லியல் அலுவலகத்திலிருந்து ஜீப் வந்துவிட்டது. மாமனார் என் பெயரைச் சொல்லிவிட்டார். மிஷின்காரி சொல்லித்தான் தோண்டினேன், இருந்ததை அவளே ஏற்கெனவே எடுத்துப் போயிருப்பாள் என்று. நான் மிஷினோடு வர வேண்டுமாம்.

என் கணவர் குறுக்கே நின்றார். அவர் வாயில் எப்போதும் உருது கலந்த இந்த ஊர்த் தமிழ்தான், நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு. "நக்கோ, போகாதே. கைக்கு போறே? நீ என்ன தப்பு பண்ணே? வேணும்னா அவங்க இங்க வரட்டும்."

"அந்தப் பொண்ணோட புஸ்தெலு இன்னும் அங்கதான் கிடக்குது," என்றேன்.

"அது உன் தலையெழுத்தா?"

"ஹவ், ஆமா, என் தலையெழுத்துதான்," என்று மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. பயத்தைவிடக் கோபம் கூட இருந்தது, அது காலை நகர்த்தியது.

அதிகாரி பள்ளத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். உடைந்த கல்லைக் காட்டி, "இதைப் பாருங்க மேடம். எத்தனை நூறு வருஷம் இங்க நின்னுட்டு இருந்திருக்கும், தெரியுமா? உங்க பொழுதுபோக்கு ஒரே நாள்ல உடைச்சிடுச்சு," என்றார். கல்லில் வாள் ஏந்திய ஒருவன் இடுப்போடு பிளந்து கிடந்தான். அதைப் பார்க்க எனக்கும் பொறுக்கவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. அது ஏன் என் பக்கம் திரும்பியது என்பதுதான் என் கேள்வி. ஜேசிபியை நானா ஓட்டினேன்?

கேட்டேன். அதற்குள் பட்டேல் முன்னால் வந்துவிட்டார்.

"செம்பு எங்க மேடம்?"

"இங்கதான் இருக்கணும், பட்டேல். ஆழத்துல."

"இல்லையே! செம்பு உந்தின்னு உங்க வாயாலதானே சொன்னீங்க? நமக்கு வேண்டாம்னு வேற சொன்னீங்க. வேண்டாம்னு சொல்லிட்டு நீங்களே எடுத்துக்கிட்டீங்களா?" என்று இரண்டு கைகளாலும் காற்றில் வரைந்து காட்டினார். கழுத்து ஒடுங்கி, வயிறு உருண்டு, வாய் விரிந்து.

அந்தக் கைகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தெலுங்கில் செம்பு என்றால் சொம்பு, குடம் மாதிரிப் பாத்திரம். உலோகத்துக்கு அவர்கள் சொல்வது ராகி. எனக்கு ராகி என்றால் கூழ். நான் உலோகத்தைச் சொல்ல, அவர் காதில் பானை விழுந்திருக்கிறது. மண்ணுக்குள் பானை என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோர் மனசிலும் ஒன்றுதான் வரும், லங்கெ பிந்தெலு. சங்கிலியால் பிணைத்த இரட்டைக் குடம், வாய்வரை தங்கம். சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த கதை. நான் பெரிய பானை ஆழத்தில் இருக்கிறது, ஆனால் நமக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எந்த மனுஷன் சும்மா இருப்பான்?

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். அதிகாரிக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. மூச்சு வாங்க வாங்க விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேருமே நம்பவில்லை. மாட்டிக்கொண்டதும் மொழியைச் சாக்குச் சொல்கிறேன் என்று அதிகாரி நினைத்தார். தங்கத்தை மறைக்கப் பேச்சை மாற்றுகிறேன் என்று பட்டேல் நினைத்தார்.

சரி, காட்டுகிறேன் என்று ஹெட்போனை மாட்டினேன்.

"மிஷினை ஆன் பண்ணாதீங்க. அது இப்போ அரசாங்கத்தோட விசாரணையில இருக்கு."

"விசாரணைன்னா உண்மையைத் தெரிஞ்சுக்கறதுதானே சார்? தெரிஞ்சுக்கோங்க." ஆன் பண்ணினேன். ஜேசிபி அள்ளிக் கொட்டிய மண் மேட்டில் வீசினேன். அதே அகலமான சத்தம். கையாலேயே தள்ளினேன். பச்சை பூத்த ஒரு தகடு, அதில் முறுக்கிய கம்பி, சுற்றிலும் கரித்துண்டு. பழைய மோட்டாருக்காகப் புதைத்த எர்த்திங் தகடு. போர் வற்றியதும் அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"இதுதான் பட்டேல் உங்க செம்பு. எங்க பாஷையில."

அவர் அந்தத் தகட்டை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு பள்ளத்தைப் பார்த்தார். பள்ளத்துக்குள் அவர் பயிர் பாதி கிடந்தது. அதிகாரி முதல்முறையாக என்னை நேராகப் பார்த்து, "சரி, நிறுத்துங்க," என்றார். நான் நிறுத்தவில்லை. அதுவரை அங்கே பானையைப் பற்றிப் பேசினோம், கல்லைப் பற்றிப் பேசினோம், சட்டத்தைப் பற்றிப் பேசினோம். எதற்காக நான் அந்த மண்ணில் முதலில் கால் வைத்தேன் என்பது ஒருவர் நினைவிலும் இல்லை. அவள் மட்டும் மோட்டார் கொட்டகையோரம், கழுத்தில் மஞ்சள் கொம்போடு நின்றிருந்தாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வரப்பு ஓரப் பாத்திக்குப் போனேன், ஞாயிற்றுக்கிழமை முடிக்க விடாத பாத்தி. பின்னாலிருந்து அதிகாரி கூப்பிட்டுக்கொண்டே வந்தார். கூடையை இறக்கி வைத்துக் களையைக் கொட்டும் மூலையில் சின்னதாக, மெல்லியதாக ஒரு சத்தம் வந்தது. குனிந்து விரலால் மண்ணைக் கிளறினேன். இற்றுப்போன மஞ்சள் நூல் துண்டு, அதில் இரண்டு வட்டுகள், பிரியாமல்.

நான் கூப்பிடவே இல்லை. அவள் ஓடி வந்துவிட்டாள். என் உள்ளங்கையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு அழுதாள். பட்டேல் தூரத்திலேயே நின்றுவிட்டார்.

அதிகாரி கையை நீட்டினார். "அதை இப்படிக் கொடுங்க மேடம். மண்ணுலேர்ந்து எடுத்தது. பத்து ரூபாய்க்கு மேல பெறுமானம் இருந்தா கலெக்டர் பார்வைக்குப் போகணும், சட்டம். விசாரிச்சு, உரியவங்கன்னு நிரூபணம் ஆனா திரும்பக் கிடைக்கும்."

அவர் கொடுமைக்காக அப்படிச் சொல்லவில்லை. உடைந்த கல்லுக்கு முன்னால் நின்று எதையாவது சட்டப்படி செய்துவிட வேண்டும் என்று தவித்தார், அது எனக்குப் புரிந்தது. புரிந்தால் கொடுத்துவிடுவேனா? "சார், புதைச்சது வேற, தொலைஞ்சது வேற. இது தொலைஞ்சது. சொந்தக்காரி உங்க முன்னாலயே உக்காந்து அழுதுட்டு இருக்கா," என்றேன்.

"அதை நான் முடிவு பண்ண முடியாது."

உட்கார்ந்து அழுதவள் எழுந்தாள். என் கையிலிருந்து வட்டுகளை எடுத்தாள். கழுத்துக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் கொம்புக்குப் பக்கத்தில் இரண்டையும் கோத்து, பல்லால் இழுத்து இறுக்கினாள். பிறகு அதிகாரியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒண்ணு எங்க அம்மா வீட்டுல போட்டது. இன்னொண்ணு இவங்க போட்டது. கவர்மெண்ட் போட்டது இதுல எது சார்?"

அதிகாரி நீட்டிய கையை இறக்கிக்கொண்டார். பட்டேல் மெல்ல நடந்து வந்து மருமகளுக்கும் அவருக்கும் நடுவில் நின்றார். "அது எங்க வீட்டுப் பொண்ணோடது," என்றார். அவளிடம் மன்னிப்புக் கேட்டாரா என்றால் இல்லை, அன்றும் இல்லை, இன்றுவரை இல்லை. எனக்கு அதில் இன்னும் மனத்தாங்கல் உண்டு.

வெறுங்கையோடு திரும்ப முடியாமல் அதிகாரி மிஷினை எடுத்துக்கொண்டார். கல்லையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

அந்தக் காகிதத்தில் இருக்கும் வரி இதுதான்: மண்ணில் மறைந்திருந்த தங்கப் பொருள் ஒன்றைக் கண்டெடுத்தேன். அது மறைந்திருந்தது இல்லை, தொலைந்தது. அதற்குக் கீழே கையெழுத்து விழுந்தால் மிஷின் என்னிடம் வரும், நோட்டீஸ் அவள் வீட்டுக்குப் போகும். அவள் கழுத்திலிருந்து கழற்றி, கவரில் போட்டு, முத்திரை வைப்பார்கள். எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே ஒருமுறை வெறும் கயிற்றோடு அவள் பட்டது போதும்.

அவ்வப்போது அந்த அலுவலகத்துக்குப் போகிறேன். நடுகல் இப்போது வராந்தாவில் சாய்ந்து நிற்கிறது, இரண்டு பாதியையும் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அதிகாரி டீ வரவழைப்பார். போன முறை குரலைத் தாழ்த்தி, "மேடம், தங்கம்னு கூட வேண்டாம். ஒரு பொருள் கிடைச்சதுன்னு மட்டும் எழுதிக் கொடுங்க. எனக்கும் ஃபைலை மூடணும்," என்றார்.

"எதுவும் கிடைக்கல சார்," என்றேன். "எர்த்திங் தகடு வேணும்னா எழுதித் தர்றேன்."

பக்கத்து பெஞ்சில் அவள் குனிந்து காயில் சுற்றும்போது, அந்த இரண்டு வட்டுகளும் மேஜை விளிம்பில் தட்டும். உள்ளே போட்டுக்கொள் என்று சூப்பர்வைசர் திட்டுவார். போட்டுக்கொள்வாள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வெளியே வந்து தட்டும். சின்னச் சத்தம்தான். ஹெட்போன் இல்லாமலே எனக்குக் கேட்கிறது. மிஷின் அங்கேயே இருக்கட்டும், நான் கையெழுத்துப் போட மாட்டேன்.